நூத்திப் பன்னெண்டு யாரு?

எங்கள் தேரிவிளை ஆஸ்பத்திரியில் சுவர் பேசிய கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முதல் தப்பு, பேசியது சுவர் இல்லை, சுவருக்குள் ஓடுகிற கம்பி. இரண்டாவது தப்பு, அது வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. விசாரணைக் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிற தங்கபுஷ்பம் நான் இங்கே கல்லு மாதிரி இருக்கும்போது, அன்றைக்கு லீவில் இருந்தவனெல்லாம் நேரம் சொல்லுகிறான். ஆகவே நானே சொல்லுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கிற வேலைக்கு எப்சிபா என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பேனா. மாடிப்படிக்குக் கீழே முன்பு துடைப்பம் வைத்திருந்த அறைதான் அவளுடைய ராச்சியம். அதில் ஒரு இரும்பு அலமாரி, அலமாரியில் சுவிட்ச் என்று ஒரு பெட்டி. லைட் போடுகிற சுவிட்ச் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தெட்டு ஓட்டை உள்ள தட்டைப் பெட்டி அது, ஓட்டைக்கு ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு கம்ப்யூட்டரோ பிரிண்டரோ எக்ஸ்ரே மிஷினோ இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் டிரெஸ்ஸிங் அறையில் வாங்கிய பிளாஸ்திரியைச் சுற்றி, அதன்மேல் மிஷினின் எண்ணை எழுதி வைத்திருப்பாள். அதனால் அந்த அலமாரியைப் பார்த்தால் அடிபட்டு வந்த ஒரு குடும்பமே கட்டுப்போட்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

பழைய பெட்டி சூடேறிச் செத்துப்போய், புதுப் பெட்டியை அவள் மாட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "முப்பத்தாறு யாரு? ஒம்பதுகிட்ட சொல்லு." ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, பக்கத்து வீட்டு வாசலில் நின்று அரிப்பு இருக்கா, மாவு சலிக்கணும் என்று கேட்பார்களே, அந்த மாதிரி ஒரு குரல். நான் திரும்பிப் பார்க்குமுன் மருந்துக்கடைப் பக்கத்துச் சுவரிலிருந்து பதில் வந்தது. "நாந்தான் முப்பத்தாறு. இங்கனதான் இருக்கேன்." நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து நின்ற ஆளுக்குக் கண் டாக்டர் எந்த அறை என்று சொன்னேன்.

எப்சிபா வந்து கேட்டுவிட்டு, ஆச்சரியப்படவே இல்லை. "எக்கா, இது எப்பமும் ஓடிக்கிட்டுதான் இருக்கும்," என்றாள். "ஒரு மிஷினுக்கு இன்னொரு மிஷின் வேணும்னா அதோட நம்பர் தெரியும், எந்த வாசல்ல இருக்குன்னு தெரியாது. அதனால எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு சத்தம் குடுக்கும். உள்ள ஆள் மட்டும் பதில் சொல்லணும், மத்தவங்க கம்முனு இருக்கணும். பதில் வந்த வாசலச் சுவிட்ச் குறிச்சுக்கிடும். இதுவரைக்கும் நமக்குக் கேக்கல. இப்பம் கேக்கு." அவ்வளவுதான் விளக்கம். ஏன் கேட்டது, எப்படிக் கேட்டது என்று அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆயிரம் வேலை.

ஒரு வாரத்தில் அந்தக் குரல் எங்களுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. கேன்டீன் மாஸ்டர் கனிராஜ் "வடை யாரு? ஆறாம் டேபிள்கிட்ட சொல்லு" என்று தட்டை ஏந்திக்கொண்டு வர ஆரம்பித்தார், பிரசவ வார்டுக்கு வெளியே நின்ற அப்பன்மார்கள் ஒருத்தரையொருத்தர் நம்பர் சொல்லி அழைத்து டீ குடித்தார்கள், எக்ஸ்ரே அறை முப்பது மட்டும் எப்போதும் சிணுங்கிக்கொண்டே பதில் சொல்லும் என்று நாள்பட்ட நோயாளிகள் கண்டுபிடித்து, அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். கூட்டிப் பெருக்குகிற பொம்பளைகள்தான் எப்சிபாவுக்குப் பெரிய ஒத்தாசை. ஏதாவது ஒரு எண் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால், துடைப்பத்தோடு ஓடிவந்து, "ஏளா எப்சிபா, இருபத்தேழு வாயத் தொறக்க மாட்டேங்கு" என்பார்கள். அவள் போய்ப் பார்த்தால் கம்பி கழன்றிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். டாக்டர்கள் புகார் சொல்லுமுன்னே ரிப்பேர் முடிந்துவிடும். அந்த மாதிரி ஒரு மாசம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வினை வந்தது டோக்கனால். வெளிநோயாளிகளுக்கு நாங்கள் டோக்கன் கொடுப்போம், நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து போக வேண்டும். ஒருநாள் ரத்தப் பரிசோதனை அறையின் மிஷின், மருத்துவரின் கம்ப்யூட்டரைத் தேடி "நாப்பத்தி மூணு யாரு?" என்று கேட்டது. நாற்பத்து மூன்றாம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்த ஆட்டு வியாபாரி ஒருத்தர் கம்பீரமாக எழுந்து, "நாந்தான்" என்றார். நெட்வொர்க் நம்பிவிட்டது. "அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் எக்கா, சந்தேகப்படத் தெரியாது, யாரு கையத் தூக்கினாலும் நம்பிரும்" என்று எப்சிபா பிற்பாடு தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். மருத்துவருக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டெல்லாம் அந்த மனுஷனுக்குப் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், மறுநாள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டினவர், "ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நாலு, உப்பு கூடியிருக்கு" என்றாராம். முந்தின நாள் எங்கள் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி அது தன்னுடைய உடம்புக் கணக்கு என்று தெரிந்து இலையைவிட்டு எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் செயலர் ஞானதிரவியம் அய்யா நல்ல மனுஷன்தான், ஆனால் சம்பந்தி அவருக்கு மச்சினன் முறை. எப்சிபாவைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தர் வாயில வந்துச்சுன்னா, இந்த வேலைக்கு வெளிய இருந்து கம்பெனி ஆளத்தான் போடணும், நான் சொல்லிட்டேன்" என்றார். அவள் இரண்டு நாள் படிக்கட்டு அறையிலேயே கிடந்து, ஒரே பெட்டிக்குள் சுவர் எழுப்பினாள். கம்பி அதே கம்பி, பெட்டி அதே பெட்டி. ஆனால் லேபும் டாக்டர் அறைகளும் வெளிநோயாளி மண்டபத்தைத் தொடாத ஒரு பாதை, பழைய கட்டிடத்து ஆண்கள் வார்டெல்லாம் ஒரு பாதை, புதுக் கட்டிடத்துப் பெண்கள் வார்டும் ஐசியூவும் ஒரு பாதை. ஒரு கூரையின்கீழ் மூன்று அடுப்பு வைத்துத் தனிக்குடித்தனம் பண்ணுகிற மாதிரி. ஒரு பாதையில் கூப்பிட்டால் அடுத்த பாதையில் கேட்காது. பைலும் ரிப்போர்ட்டும் எப்படி அப்புறம் போகும் என்று கேட்டேன். "அது வாசல்ல காவல்காரன் வழியா முறையாப் போகும் எக்கா. கடிதாசி போகும், சத்தம் போகாது," என்றாள். மண்டபம் ஊமையாகிவிட்டது. கூட்டிப் பெருக்குகிறவர்கள் இரண்டு நாள் எப்சிபாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சுவர் எழும்பிய மறுவாரம்தான் சிவனணைந்தபெருமாளும் பேச்சித்தாயும் வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்லக் கூடாது, கொண்டுவந்தார்கள். மொபெட்டில் பிளாஸ்டிக் குடத்தை மலையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிற புருஷன் பெண்டாட்டி. அவர் ஓட்டுவார், குடங்களுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே எத்தனையோ தரம் நான் குடம் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு வாய் ஓயாது, அவருக்கு வாய் திறக்காது. அவள் "இந்தாங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டால்தான் அவர் "என்ன" என்பார்; முதல் தரத்துக்கே திரும்பிவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று யாரோ அந்த மனுஷனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் சட்னியில் உப்புக் கூடிப்போச்சு என்று இரண்டு பேருக்கும் சண்டை, போகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. நட்டநடு ரோட்டில் புதிதாகப் போட்ட வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. அவருக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. அவளுக்கு வெளியில் ஒரு கீறல் இல்லை, மண்டைக்குள் ரத்தம். குடங்கள் மட்டும் உருண்டு போய் வேலிக்காத்தானில் சாய்ந்து நின்றன.

அவரைப் பழைய கட்டிடத்தில் ஆண்கள் அறுவை வார்டில், நூற்றுப் பன்னிரண்டாம் கட்டிலில் போட்டு, காலில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் அசையக் கூடாது. அவளைப் புதுக் கட்டிடத்தில் ஐசியூவில், அறுபத்து நாலாம் கட்டிலில் கண்மூடிக் கிடத்தினார்கள். மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தாயிற்று, இனி அவள் முழிக்க வேண்டியதுதான் பாக்கி என்றார் டாக்டர் நிவேதன். நாள் போகப்போக முழிக்கிறது கஷ்டம் என்றும் சொன்னார். பேச்சித்தாய் என்று பேர் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் கிடக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. நர்ஸ் ஒருத்தி போனை அவள் காதில் வைத்து அவரைப் பேசச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற மனுஷன், மூக்கில் குழாய் போட்டுக் கிடப்பவளிடம் கேட்கிற கேள்வி அது.

மூன்றாம் நாளிலிருந்து ஐசியூவில் அந்தக் கூப்பாடு தொடங்கியது. "நூத்திப் பன்னெண்டு யாரு? அறுவத்தி நாலுகிட்ட சொல்லு." கேட்டது அவள் கட்டிலில் மாட்டியிருந்த மானிட்டர், கட்டில் நம்பரையே மானிட்டருக்கும் எண்ணாக வைப்பது எப்சிபாவின் வழக்கம். முதல் நாள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. நர்ஸ்கள் சலித்துப்போய் எப்சிபாவை வரச் சொன்னார்கள். அவள் தன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு மிஷின் இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. மானிட்டரை மாற்றினாள், புது மானிட்டரும் அதையே கேட்டது. கம்பியை மாற்றினாள், அதே கேள்வி. ஐந்தாம் நாள் மணிக்கு ஒரு தரமாகக் குறைந்தது. "பதில் வராட்டா கேக்குறதக் குறைச்சுக்கிட்டே வரும் எக்கா, கடைசில விட்டுரும்" என்றாள். அவள் முகம் சரியில்லை.

ஆறாம் நாள் சிஸ்டர் ஜெயசீலி பொறுக்கமாட்டாமல், யாருமில்லாத நேரம் பார்த்து, "நாந்தான் நூத்திப் பன்னெண்டு" என்று சொல்லிவிட்டாள். பாவம், இரக்கத்தில் செய்தது. நெட்வொர்க் நம்பிற்று. கூப்பாடு நின்றது. அரை நாள் கழித்து ஜெயசீலி என் கவுண்டருக்கு வந்து, அழுதுகொண்டே, "எக்கா, குடத்த வெயில்ல போடாதீங்க, நெளிஞ்சிரும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேகத்தடை இருக்கு, பாத்து" என்றாள். அவளுக்கே ஏன் சொல்கிறோம் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க வராந்தாவில் போகிற வருகிற எல்லாரிடமும் வேகத்தடை இருக்கு, பாத்து, வேகத்தடை இருக்கு, பாத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மறுநாள் பதில் சொன்ன ஆள் உண்மையான ஆள் இல்லை என்று மானிட்டருக்குத் தெரிந்துவிட்டது போல. "நூத்திப் பன்னெண்டு யாரு?" திரும்ப வந்தது, முன்னைவிட மெலிந்து, நாளைக்கு மூன்று தரம்.

எப்சிபாவுக்குப் புரிந்தது ஒன்பதாம் நாள் மத்தியானம், ஐசியூவில் ஷிப்ட் மாறுகிற நேரம். எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் யாரையும் பேர் சொல்லமாட்டார்கள், கட்டில் நம்பர்தான். ஜெயசீலி அடுத்து வந்தவளிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். "அறுவத்தி நாலு, நூத்திப் பன்னெண்டோட வீட்டுக்காரி, மாத்தம் ஒண்ணுமில்ல." நோட்டில் எழுதிக்கொண்டிருந்த எப்சிபாவின் பேனா நின்றது. ஒன்பது நாளாக ஒரு நாளைக்கு மூன்று தரம் பேச்சித்தாயின் காதில் விழுந்திருக்கிறது அந்தச் சொல். படிக்கட்டில் தடதடவென்று இறங்கி என்னிடம் ஓடிவந்து, "எக்கா, அது மிஷின் நம்பரே இல்ல," என்றாள். "ஆனா பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே, எதுக்கு நம்பரு?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ எந்த ஊர்லளா வளந்த?" என்றேன். "அவ எப்படிப் பேரச் சொல்லுவா? ரேஷன் கடையில புருஷன் பேரக் கேட்டா கார்ட நீட்டிக் காட்டுற பொம்பள அவ. மண்ட ஒடஞ்சு கிடந்தாலும் அவ வாயில அது வராது. நம்பருன்னா தோஷமில்ல, அதான் சொல்லுதா." எப்சிபா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது பேச்சித்தாய்க்காக மட்டும் இல்லை. ஐசியூ ஒரு பாதை, ஆண்கள் வார்டு ஒரு பாதை. நடுவில் சுவர் வைத்தது அவள். ஏழு நாளாக ஒருத்தி கூப்பிட, நூறு கெஜத்துக்கு அப்பால் கிடக்கிறவருக்குக் கேட்காமல் போனதற்கு, இவள் முறையாகச் செய்த வேலைதான் காரணம்.

"ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு வழி வச்சுட்டா ஆச்சே" என்றேன். அதுதான் அவளுக்கும் ஆசை. ஆனால் அவர் கட்டிலில் மிஷினும் கிடையாது, கம்பியும் கிடையாது. அவர் குரல் எந்த ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் வரும் என்று அவர் வாயைத் திறக்கும்வரை தெரியாது. ஒரே ஒரு தரம் எல்லாச் சுவரையும் எடுத்துவிட்டு அவள் கூப்பிடுவதை எல்லாருக்கும் கேட்கவிட வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், சுவிட்ச் அந்த வாசலைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகுதான் தனிப்பாதை. ஆனால் சுவரை எடுத்தால் அத்தனை மிஷினும் ஒன்றாகக் கத்தும், வெளிநோயாளிகள் எவனாவது கையைத் தூக்குவான், செயலர் அய்யா சொன்னது நடந்துவிடும். அதற்குள் கூப்பாடு நாளைக்கு ஒரு தரமாகிவிட்டது, மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு. பதினோராம் நாள் அது "நூத்திப் பன்னெண்டு" என்பதோடு நின்றுவிட்டது, "யாரு" என்று கேட்கத் தெம்பில்லை.

எப்சிபா செயலரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். "என்ன வேலைய விட்டுத் தூக்குறதா இருந்தா நாளைக்கழிச்சுத் தூக்குங்கய்யா. நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க." ஞானதிரவியம் அய்யா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், எடுத்துப் போட்டார். "என் வீட்டுக்காரி என்ன எப்படிக் கூப்பிடுவா தெரியுமா?" என்றார். "தொண்டையச் செருமுவா. அவ்வளவுதான்." பிறகு, "பதினஞ்சு நிமிஷம். அதுக்குமேல ஒரு நிமிஷம் ஆகக்கூடாது" என்றார்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரி அடங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேச்சித்தாயின் மானிட்டரையும் சுவிட்சையும் மட்டும் விட்டுவைத்து, உயிர் காக்கிற மிஷின்களின் கம்பியைக் கழற்றித் தனியே ஓடவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்தார்கள். லேப் நின்றது, மருந்துக்கடை பில் நின்றது, கேன்டீனில் கிரைண்டர் நின்றது. கூட்டிப் பெருக்குகிறவர்கள் துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு வாசலுக்கு ஒருத்தியாக நின்று, வாயைத் திறந்தவர்களையெல்லாம் முறைத்தார்கள். பிரசவ வார்டில் ஒருத்தி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரே தொந்தரவு, அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கையில் இருந்தது. "கூப்பிட்டா பதில் சொல்லணும், அதான் ஒழுக்கம்" என்று அவர் பிடிவாதம். கடைசியில் கனிராஜ் ஒரு கைப்பிடி கடலைமிட்டாயைக் கொண்டுவந்து அவர் வாயில் அடைத்துவிட்டார். வாத்தியார் கன்னம் இரண்டும் புடைத்துப்போய், டோக்கனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னை எப்சிபா ஆண்கள் வார்டில் அவர் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள். முந்தின நாளே விஷயத்தைச் சொல்லியாயிற்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார்.

"நாந்தான்னு சொல்லுங்க. போதும்."

"எல்லாருக்கும் கேக்குமே."

"கேக்கட்டும். கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் படிக்கட்டு அறையில் எப்சிபா சுவர்களை எடுத்தாள். பன்னிரண்டு நாற்பது ஆயிற்று. ஒன்றுமில்லை. நாற்பத்து நாலு ஆயிற்று, எடைக்கல் லேசாக ஆடுகிற சத்தம் மட்டும். விட்டுவிட்டாளோ, நேற்றுத்தான் கடைசியோ என்று நினைத்த நேரம் அவர் தலைமாட்டில், காலண்டருக்குப் பின்னாலிருந்து, ஈனஸ்வரத்தில் வந்தது. "நூத்திப் பன்னெண்டு..."

அவர் பதில் சொல்லவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். வாய் இறுகிக் கிடக்கிறது. பழக்கம், அது பாழாய்ப்போன பழக்கம். மூன்று தரம் கூப்பிட வேண்டுமாம் அய்யாவுக்கு. அவளிடம் மூன்று தரத்துக்குத் தெம்பு ஏது? கட்டிலோடு சேர்த்து அந்த மனுஷனை உலுக்கிவிடலாம் என்று இருந்தது, டாக்டர் அசைக்கக் கூடாதென்று சொல்லியிருந்ததால் பொறுத்தேன். அங்கே மண்டபத்தில் வாத்தியார் கடலைமிட்டாயை மென்று தீர்த்துக்கொண்டிருந்தார். காலண்டர் மறுபடி அசைந்தது. "நூத்திப்..."

"நாந்தான்," என்றார் சிவனணைந்தபெருமாள். கத்தினார் என்றே சொல்ல வேண்டும், கயிறு ஆடி எடைக்கல் கட்டிலில் முட்டியது. "நாந்தான் ஏட்டி. நாந்தான் நூத்திப் பன்னெண்டு, இங்கனதான் கெடக்கேன். வேகத்தடை இருக்குன்னு நீ சொன்னது கேட்டுச்சு. மூணு தரமும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் பேசாம இருந்தேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "சட்னில உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

ஆஸ்பத்திரி முழுக்க அது கேட்டது. மருந்துக்கடையில் கேட்டது, பிணவறை வாட்ச்மேனுக்குக் கேட்டது, செயலர் அறையில் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துக் காலண்டருக்குப் பின்னாலிருந்து, அந்தப் பக்கத்துவீட்டுக் குரலில்தான், ஆனால் பேசுவது யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, "குடமெல்லாம் என்னாச்சு?" என்று வந்தது.

"ரெண்டுதான் ஒடஞ்சுது," என்றார். "பச்சக் குடம் ரெண்டு." முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் என் முந்தானையைக் கொடுத்தேன், அதில் ஒன்றும் தப்பில்லை.

அந்த நேரத்துக்குள் படிக்கட்டு அறையில் சுவிட்ச், பழைய கட்டிடம் பதினேழாம் ஓட்டை என்று வாசலைக் குறித்துக்கொண்டது. எப்சிபா பதினான்காம் நிமிஷம் சுவரெல்லாம் திரும்ப எழுப்பி, இரண்டே பேர் மட்டும் இருக்கிற நாலாவது பாதை ஒன்றைப் போட்டாள். தன் நோட்டில், "பன்னிரண்டு முப்பத்தைந்து முதல் பதினான்கு நிமிடம், பராமரிப்பு வேலை" என்று எழுதினாள். செயலர் வந்து அலமாரியைப் பார்த்தார். அந்த இரண்டு கம்பியிலும் புதுப் பிளாஸ்திரி, "கழற்றாதே" என்று. அவர் தொண்டையைச் செருமிவிட்டுப் போய்விட்டார். வேலையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

அதற்கு நாலாம் நாள் பேச்சித்தாய் கண்ணைத் திறந்தாள், ஆறாம் நாள் தண்ணீர் கேட்டாள். மறுநாள் டாக்டர் நிவேதன் அவளுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். நான் கஞ்சி பிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றேன். ஊர் கேட்டார், சொன்னாள். கிழமை கேட்டார், யோசித்துச் சொன்னாள். என்னைக் காட்டி யார் என்றார், "குடத்துக்குப் பேரம் பேசுத அக்கா" என்றாள். அது இருக்கட்டும்.

"வீட்டுக்காரர் பேர் என்ன?"

பேச்சித்தாய் வாயை மூடிக்கொண்டாள். ஜெயசீலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போர்வை நுனியைப் பார்த்தாள். டாக்டர் பட்டணத்துப் பிள்ளை, அவருக்கு எங்கே தெரியும். குரலைத் தணித்து, அவசரமில்லை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"நூத்திப் பன்னெண்டு," என்றாள், மெதுவாக.

டாக்டர் பெருமூச்சு விட்டு, குழப்பம் இன்னும் இருக்கிறது என்று எழுதப் பேனாவைத் திறந்தார். ஜெயசீலி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேச்சித்தாயின் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து, "என்ன?" என்று கேட்டது.

ஒரு தரம்தான் கூப்பிட்டிருந்தாள்.